கிழக்கே இரண்டு அடி

ஜனவரி 16, வியாழன்

நேற்று பட்டிப் பொங்கல். ஊருக்குள் வாடகை வீட்டுக்கு வந்தபிறகு பட்டி ஏது, மாடு ஏது? வீட்டுக்காரி தெய்வாத்தாள் கேட்கவில்லை. வாசலில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்தாள். மாட்டுக்கு ஊட்ட வேண்டியதை ஆளுக்கொரு வாய் நாங்களே தின்றோம். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் சர்க்கரை கம்மி என்றாளாம். வாய்க்கொழுப்பு.

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. தோட்டத்தை விற்றவனுக்கு எதற்கய்யா டைரி என்றேன். "பழக்கத்துல உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுட்டேனுங்" என்றார். இத்தனை வருசமாக மழை பெய்தது, மாடு ஈன்றது, மோட்டார் எரிந்தது என்று எழுதிவந்தேன். இனி என்ன எழுத? சிலிண்டர் வந்தது என்று எழுதலாம்.

சிலிண்டர் வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

தோட்டத்துக்குப் போனேன். என் தோட்டம் என்று எழுத வந்தது கை. லேஅவுட் என்று பழக வேண்டும். ஜேசிபி கிணற்று மேட்டை வழித்துக்கொண்டிருக்கிறது. எதற்கு வந்தீர்கள் என்று ஒருவனும் கேட்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

ஏன் விற்றாய் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று பார்க்கிறேன். போர் போட்டுப் போட்டுப் புழுதிதான் வந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பின்னால் எடுத்துப் பார்க்கப் பிள்ளை இல்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 22, புதன்

இன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு கத்தியிருக்கிறேன்.

கிணற்று மேட்டிலிருந்து வேலி வரைக்கும் வரிசையாக ஏழு புங்கமரம் நிற்கிறது. லேஅவுட்டின் நாற்பதடி ரோடு சொல்லிவைத்த மாதிரி அந்த வரிசை மேலேயே வருகிறது. வெட்டாமல் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போது சொல்லியிருக்கிறார்களாம். அதற்கென்று ஜோதிபாசு என்று ஒருவரைத் திருப்பூரிலிருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். மரத்தை வேரோடும் மண்ணோடும் தூக்கி நடுவதே அவர் தொழில். நல்ல பையன். மரத்தைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். நாலு மரம் தேறும் என்றார். வடக்கே பார்க் வரப்போகிற இடத்தில் நாலையும் நட்டுவிடலாம். மற்ற மூன்றும் விறகு.

தேறாத மூன்றில் ஐந்தாவது மரமும் ஒன்று.

"அஞ்சாவதை எடுத்தாகோணும்" என்றேன்.

"அது கோணலுங்கய்யா. எடை பூராவும் ஒரு பக்கமா நிக்குது. கரையான் வேற. எடுத்து வெச்சாலும் பொழைக்கறது சந்தேகமுங்க."

"நெழலு நல்லா இருக்கும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். அதற்கு நிழலே கிடையாது. சைட் மேனேஜர் சுரேந்தர் சிரித்தான். அவன் வயசு என் வேட்டி வயசுகூட இருக்காது. "பெரியவரே, இந்தக் கோணலைப் பார்க்ல வெச்சா பிளாட் பார்க்க வர்றவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். அது வரலீன்னா ஒரு மரத்துலயும் கை வெக்கக்கூடாது. நா முன்னாடி வந்து படுத்துக்குவேன்."

எழுதிக்கொடுத்துவிட்ட நிலத்தில் நின்று என்ன அதிகாரம் பண்ணினேனோ தெரியவில்லை. ஆட்கள் கூடிவிட்டார்கள். "சரி, உங்க ஆசைக்கு ஒண்ணு" என்று சுரேந்தர் கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

இன்னும் தினமும் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற தெய்வாத்தாள், தொட்டிக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள்.

காரணத்தை எழுதிவைக்கிறேன். யாரும் இதைப் படிக்கப் போவதில்லை.

முப்பத்து நாலு வருசத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பதாம் நாள் போய்விட்டான். தலைச்சன். தலைச்சன் பிள்ளை செத்தால் மந்திரக்காரன் மை எடுக்கத் தோண்டிக்கொண்டு போய்விடுவான் என்று அப்போது எல்லோருக்கும் பயம். அதனால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சொந்த நிலத்தில், அடையாளம் இல்லாமல் வைப்பார்கள். நானும் என் அப்பனும் உச்சிவெயிலில் வைத்தோம். பக்கத்தில் ஒரு புங்கங்கன்று நட்டோம். ஒன்று மட்டும் நின்றால் தெரிந்துவிடும் என்று அப்பன் மேலும் ஆறு நட்டார்.

"பெத்தவகிட்டயும் சொல்லீராதே. அவ காலு அங்கயேதான் போவும். போற காலைப் பாத்துட்டு எவனாச்சும் தோண்டிப்போடுவான்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவள் கேட்டதும் இல்லை. ஏழு மரத்தில் எது என்று தெரியாமல் ஏழுக்கும் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றுக்கு எச்சு, ஒன்றுக்குக் கம்மி என்று ஒரு நாளும் ஊற்றியதில்லை. அதன்பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஜனவரி 23, வியாழன்

தெய்வாத்தாள் இன்று ஐந்தாவது மரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாள். மூன்று குடம். மற்றதற்கு ஊற்றவில்லை. இடுப்பு வலியாக இருக்கும். நேற்றுக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 30, வியாழன்

ஜோதிபாசு மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டார். இந்த வட்டத்துக்கு வெளியே பள்ளம் வெட்டி, உள்ளே இருக்கும் மண்ணைப் பந்து மாதிரி செதுக்கி, சாக்குச் சுற்றித் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்களாம். ஒரு பாதி இப்போது, மறுபாதி பிறகு. மரத்துக்குத் தெரியாமல் அதன் வேரை வெட்டுகிறோம் என்று சிரித்தார். வடக்குப் பக்கம் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். நடும்போதும் அந்தக் கோடு வடக்கே பார்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வெயில் படாத பக்கம் வெயில் பட்டுப் பட்டை வெந்துபோகுமாம்.

தெய்வாத்தாள் எப்போதும் அந்நிய ஆம்பளைகளிடம் பேசமாட்டாள். இன்று தானாகக் கிட்டே போனாள்.

"ஏஞ்சாமி, மரத்தோட மண்ணும் கூடவே வருமா?"

"மண்ணோடதானுங்கம்மா. மண்ணு உதுந்தா மரம் போச்சு."

"எத்தன ஆழத்துக்கு வரும்?"

"மூணடி. அதுக்குக் கீழ பெரிசா வேர் இருக்காதுங்க."

"மூணடியா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பல நாளைக்குப் பிறகு பச்சப்பயிறு கடைந்து சோறு போட்டாள்.

ஆழத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. அந்தச் சுண்ணாம்பு வட்டம்தான் காரணம்.

கன்றைக் குழிக்கு நேர் மேலே நட்டால் வேர் இறங்கிப் பிள்ளையைத் தொந்தரவு பண்ணும் என்று அப்பன் ஒரு எட்டுத் தள்ளித்தான் நடச் சொன்னார். அவன் இருப்பது மரத்துக்குக் கிழக்கே. ஜோதிபாசு போட்ட கோடு சரியாக அவன் மேலேயே போகிறது. பள்ளம் வெட்டினால் பாதி உள்ளே, பாதி வெளியே.

கிழக்கே கொஞ்சம் அகட்டிப் போட முடியுமா என்று அவரிடம் கேட்டேன். "பந்து உருண்டையா இருக்கோணுங்கய்யா. ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு இருந்தா தூக்கறப்ப வெடிச்சுரும். ஏனுங்க, அந்தப் பக்கம் என்ன இருக்குது?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

அவர் மத்தியானம் வேறு சைட்டுக்குப் போனார். பள்ளம் வெட்டுகிறவர்கள் தர்மபுரிக்காரர்கள். மேஸ்திரி மாதையன் என்னை இன்னும் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். மரத்துக்குக் கிழக்கே போய்க் காலால் கோடு இழுத்துக் காட்டினேன். "இந்தப் பக்கம் ரெண்டடி சேத்தி உடுங்க. அவரு சொன்னாரு" என்றேன். சரிங்க என்றான்.

பொய்தான். ஆகட்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

கிளைகளை வெட்டிவிட்டார்கள். வெட்டின இடத்துக்குச் சாணி பூசிச் சாக்குக் கட்ட வேண்டுமாம். ஒரு சட்டிச் சாணிக்கு ஊரில் நாலு வீடு ஏறி இறங்கினேன். பத்து உருப்படி மாடு கட்டிவைத்திருந்தவன் சாணிக்குப் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது. கெரகம்.

சாக்கு கட்டின மரம் கையில்லாத ஆள் போல நிற்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று தூக்கினார்கள்.

நாலு நல்ல மரமும் காலையிலேயே போய்விட்டன. கிரேன் தூக்கும், லாரி படுத்தினாற்போல ஏந்திக்கொள்ளும், பார்க்கில் குழியில் இறக்கும். கல்யாணத்தில் பந்தி நடப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. ஐந்தாவது மரத்துக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஜோதிபாசு அதைச் சுற்றி வந்தவர் கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"மாதையா! என்னய்யா இது? யாரு இவ்வளவு உடச் சொன்னது? மூணடி எச்சா நீட்டிக்கிட்டு இருக்குது!"

மாதையன் என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் நின்ற தெய்வாத்தாளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பெரிய மனுசன், காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் நான் சொன்னது இரண்டடி. அளக்கத் தெரியாத கழுதைகள் மூன்றடி விட்டுவைத்திருக்கின்றன.

செதுக்கிக் குறைக்கலாம் என்றால் கிரேனுக்கு நேரமாகிறது என்று சுரேந்தர் குதித்தான். ஜோதிபாசு இன்னும் இரண்டு பெல்ட் போட்டு இறுக்கினார். கிரேன் தூக்கியது. ஒரு ஆள் உயரம் போனதும் கயிறு அறுகிற சத்தம் கேட்டது. கிழக்குப் பக்க மண் முழுக்க அப்படியே பிளந்து பொத்தென்று விழுந்தது. அந்தப் பக்கம் வெறும் வேர் தொங்கியது. பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தேன்.

"சீக்கிரம் கொண்டுபோயி வைங்க! வேர் காயுது!" என்று ஜோதிபாசு லாரிக்குப் பின்னால் ஓடினார்.

எல்லோரும் மரத்துக்குப் பின்னால் போனார்கள். தெய்வாத்தாள் போகவில்லை. கீழே கிடந்த இரும்புச் சட்டியை எடுத்து, விழுந்த மண்ணை இரண்டு கையாலும் வாரிப் போட்டாள். தலையில் வைத்துக்கொண்டு பார்க் வரைக்கும் நடந்தாள். கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடி வாரினாள். பார்த்துக்கொண்டிருந்த மாதையனும் ஒரு சட்டி எடுத்தான்.

"அம்மா, நல்ல செம்மண் ரெண்டு லோடு வந்து நிக்குது. இந்தக் கட்டி மண்ணு எதுக்கு?" என்றான் சுரேந்தர்.

"பழகின மண்ணு சாமி" என்றாள்.

அவள் புடவையெல்லாம் மண். வீட்டுக்கு வந்து குளித்தாள். ஆனால் அந்தப் புடவையைத் துவைக்கவில்லை. மடித்து மூலையில் வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சிலிண்டர் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

துளிர்த்துவிட்டது!

சாக்கு கட்டின இடத்துக்குக் கீழே, பட்டையைக் கிழித்துக்கொண்டு ஏழெட்டு இடத்தில் துளிர் வந்திருக்கிறது. மினுமினுவென்று ஈர நிறம். காலையில் அவள்தான் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, "ஏனுங்க, எந்திரிங்க, வந்து பாருங்க" என்று போர்வையைப் பிடித்து இழுத்தாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி என்னை எழுப்பியதில்லை.

முழங்காலை மறந்து நடந்தேன். சுரேந்தர் போனில் படம் பிடித்தான். மரத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தியும் ஒன்று எடுத்தான். கோணல் மரம்தான் முதலில் துளிர்த்தது, மற்ற நாலும் இன்னும் சும்மா நிற்கின்றன. போனில் ஜோதிபாசுவிடம் சொன்னேன். "சந்தோசமுங்கய்யா. கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்" என்றார். ஏன் இழுக்கிறார்? நேராகச் சந்தோசப்படத் தெரியாத ஆள்.

மார்ச் 29, சனி

ரோட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது மரம் நின்ற குழியில் ஜல்லியைக் கொட்டி ரோலரை ஓட்டிவிட்டார்கள். பார்க்குக்குப் போக அதுதான் குறுக்கு. நான் வேலியோரமாகச் சுற்றிப் போனேன். புதுத் தார் செருப்பில் ஒட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

மத்தியானம் ரேஷன் கடையிலிருந்து வரும் வழியில் பார்க்கில் அவளைக் கண்டேன். மரத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"பக்கத்து ஊட்டுக்காரி மிக்ஸியப் போட்டா நிறுத்தவே மாட்டீங்கறா சந்துரு. உங்கய்யனுக்கு அதக் கேட்டாலே எரியுது" என்றாள்.

நான் திரும்பி நடந்துவிட்டேன்.

ஒன்பது நாளில் பெயர் வைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் மூத்தவனுக்கு என் அப்பன் பெயர்தான். இவள் சந்துரு என்று வைத்திருக்கிறாள். எப்போது வைத்தாள்? யாரைக் கேட்டு வைத்தாள்? முப்பத்து நாலு வருசமாக அந்தப் பெயரை உள்ளேயே வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்னைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கனி வைத்தாள். கனியில் வைத்த மாம்பழத்தில் ஒன்றைத் தூக்குப் போசியில் போட்டு எடுத்துப் போனாள். எங்கே என்று கேட்கவில்லை.

செருப்பில் தார் ஒட்டுவதில்லை இப்போது. இருந்தாலும் சுற்றித்தான் போகிறேன். நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

மே 2, வெள்ளி

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே இப்படிக் காய்கிறது. ஐந்தாவது மரத்தின் துளிர் தலை தொங்கி நிற்கிறது. தண்ணீர் போதவில்லை என்று அவள் சாயங்காலமும் போய் ஊற்றுகிறாள்.

மற்ற நாலும் ஒரு வாரமாகத்தான் துளிர்க்கின்றன. மெதுவாக.

மே 6, செவ்வாய்

ஜோதிபாசு வந்தார். நல்லவேளை, தெய்வாத்தாள் வீட்டில் இருந்தாள். அவர் பேனாக்கத்தியால் பட்டையை லேசாகச் சீவினார். உள்ளே பச்சை இல்லை. மரக்கட்டை நிறம். இன்னும் கீழே சீவினார். அங்கேயும் அதே.

"அந்தத் துளிரு வேர்ல இருந்து வந்ததில்லீங்கய்யா. மரம் தன் ஒடம்புல சேத்து வெச்சிருந்ததைச் செலவு பண்ணி உட்டது. கையில இருந்தது தீந்துபோச்சு. கிழக்க வேரே பிடிக்கல."

"மண்ணு விழுந்ததாலயா?"

"அதனாலதானுங்க. ரெண்டடி எச்சா இருந்திருந்தாக்கூட பெல்ட்டப் போட்டு எப்படியோ தாட்டியிருப்பேன். மூணடி தாங்கலீங்க." கத்தியை மடக்கினார். "அந்த மாதையன் வாயவே தொறக்க மாட்டீங்கறான். யாரோ சொல்லாம அவன் அப்படி உடமாட்டான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டு பார்க்காமல் இருந்தாரா, தெரியாமலா, அது எனக்குத் தெரியவில்லை.

கொன்றது நான்தான். என் பையனை இன்னொரு தடவை சாகவிட்டேன்.

மே 7, புதன்

சொல்லவில்லை.

மே 15, வியாழன்

இன்றும் தெய்வாத்தாளிடம் சொல்லவில்லை. துளிரெல்லாம் காய்ந்து நொறுங்கிக் கொட்டிவிட்டது. ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் உரத்துக்கு என்கிறாள். எந்தச் செடிக்கு? வாடகை வீட்டில் ஒரு துளசிகூடக் கிடையாது.

மே 23, வெள்ளி

சுரேந்தர் வந்து சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் திறப்பு விழா. பட்டமரம் நிற்கக் கூடாது. திங்கட்கிழமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதோ அழகுச் செடி வைக்கிறார்களாம்.

அவன் போனதும் தெய்வாத்தாள் அடுப்பை அணைத்தாள். நான் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். கடைசியில் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"கெழக்க ரெண்டடி சேத்தி உடச் சொன்னது நாந்தான். அதனாலதான் மண்ணு விழுந்துச்சு. அதனாலதான் மரம் பட்டுப்போச்சு."

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க காலால கோடு இழுத்ததை வேலியோரம் நின்னு பாத்தேன். எந்த மரம்னு நீங்க கத்துன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. எந்தப் பக்கம்னு அப்பத்தான் தெரிஞ்சுது." முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீங்க அந்தப் பக்கம் போனதுக்குப் பொறவு நா போயி மாதையங்கிட்ட இன்னுமொரு அடி சேத்தி உடச் சொன்னேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "உன்னை யாரு சொல்லச் சொன்னா? ரெண்டடி போதும்னுதானே நா சொன்னேன்!"

"நீங்க எதையுமே கொறச்சுத்தானே சொல்லுவீங்க. அதனால சேத்திச் சொன்னேன்."

உண்மைதானே. ஒருத்தரிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டடியோடு நின்றிருக்கும். நான் மாதையனிடம் பேசினேன், அவளும் மாதையனிடம் பேசினாள். அன்றைக்கு அவனைக் கழுதை என்று எழுதினேன். அவன் சரியாகத்தான் அளந்திருக்கிறான்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மே 26, திங்கள்

காலையில் மரத்தை எடுத்துவிட்டார்கள். கிரேன் எல்லாம் தேவைப்படவில்லை. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள், சாய்ந்துவிட்டது. கிழக்குப் பக்கம் ஒரு வேர்கூடப் புதிதாக விட்டிருக்கவில்லை. தெய்வாத்தாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். டிராக்டர் போனதும் அந்தக் குழியோரம் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு ஆழமுங்க?" என்றாள்.

முப்பத்து நாலு வருசத்தில் அவனைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. குறைத்துச் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. இடுப்பளவு என்று சொல்லலாம். முழங்கால் அளவு என்றும் சொல்லலாம்.

"நெஞ்சளவு" என்றேன். "நாயி நரி தோண்டக்கூடாதுன்னு அப்பன் நெஞ்சளவுக்கு வெட்டச் சொன்னாரு. நா உள்ள எறங்கி நின்னு கையில வாங்குனேன். எங்கல்யாண வேட்டியக் கிழிச்சுச் சுத்தியிருந்துச்சு. மொகத்தை மூடலை. நாந்தான் கடைசியா மூடுனேன். நெத்தியில நீ வெச்ச மைப்பொட்டு அப்படியே இருந்துச்சு. கெழக்க தலை. மண்ணை மம்முட்டியில தள்ளலை, கையிலதான் போட்டேன்."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேட்டியில் எந்தப் பக்கக் கரை என்று கேட்டாள். சொன்னேன். பச்சைக் கரை. மூடினபோது கண் திறந்திருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அந்த மரத்துக்காரப் பையன் மூணடிதான் மண்ணு வரும்னு சொன்னானே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ரெண்டடி சேத்தி உடச் சொன்னீங்க?"

"மரத்தோட எப்படியாச்சும் வந்துருவான்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

அவள் குழியில் கிடந்த, தான் சுமந்து கொட்டின மண்ணைப் பார்த்தாள். கட்டி கட்டியாக அதே கறுப்பு மண்.

"அப்ப அவன் எங்கயும் போகலீங்களா?"

"போகல."

"வாங்க. காட்டுங்க" என்று எழுந்தாள்.

சுற்றிப் போகவில்லை. ரோடு வழியாகவே போனோம். கிணறும் இல்லை, மர வரிசையும் இல்லை, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தெற்கே மாரியம்மன் கோயில் வேம்பு தெரிந்தது. மேற்கே ஒற்றைப் பனை. இரண்டையும் கண்ணால் கோத்துப் பார்த்து நடந்தேன். இத்தனை வருசமாக அவளுக்குத் தெரியாமல் நான் அப்படித்தான் அந்த இடத்தைப் பார்த்துவந்திருக்கிறேன். கால் தானாக நின்றது. நாற்பதடி ரோட்டில் நட்ட நடு.

"இங்கதான்."

அவள் செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். தார் கொதித்தது. இரண்டு பேரும் கால் மாற்றி மாற்றி நின்றோம். "சந்துரு" என்றாள், எனக்குக் கேட்கும்படியாகவே.

ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் விசிலை ஊதி, "நடுரோட்ல நிக்காதீங்க பெரியவரே!" என்று கத்தினான். ஒதுங்கினோம். லாரி அந்த இடத்தின் மேலேயே ஏறிப் போனது.

அது போனதும் அவள் மறுபடி நடுவில் போய்க் குடத்தைக் கவிழ்த்தாள். மரத்துக்கென்று காலையில் எடுத்துவந்த தண்ணீர். தாரில் பரவி, எங்கள் கண்ணெதிரேயே காய்ந்துபோனது. அவள் வெறும் குடத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தாள்.

"ஒரு கொடம் பத்தாதுங்க" என்றாள்.

நாளைக்கு எனக்கும் ஒரு குடம் எடுத்துவைக்கச் சொன்னேன்.